தங்கராஜ் மேஸ்திரியின் மேற்குச் சுவர்

செஞ்சியில் தங்கராஜ் மேஸ்திரி கட்டிய வீட்டை அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. மேற்குப் பக்கம் போய்ப் பார்த்தால் போதும். அங்கே ஜன்னல் இருக்காது. குளியலறை இருக்கும், மாடிப்படி இருக்கும், தட்டுமுட்டுச் சாமான் போடும் அறை இருக்கும். அதற்கும் இடமில்லாத சின்ன மனையென்றால் ஒன்றரைக்கல் கனத்தில் சுவர் ஒன்று மொட்டையாக நிற்கும். வீட்டுக்காரர் எவ்வளவு கெஞ்சினாலும் அந்தச் சுவரில் ஒரு துவாரம் போடக்கூடச் சம்மதிக்க மாட்டார்.

"சாயங்கால வெயிலு சும்மா எட்டிப் பாத்துட்டுப் போறதில்ல. உள்ள வந்து குந்திக்கும். ஊரே தூங்கினாலும் எழுந்து போவாது" என்பார்.

மலையடியில் வீடு உள்ளவர்களுக்கு அவர் சொல்வது புரியும். இங்கே மலையென்றால் மரமும் மண்ணுமல்ல, ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டி வைத்தது போன்ற பாறைகள். பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு அதை மெதுவாக ஊர்மேல் விடும். கோடையில் கடற்கரைப் பக்கத்திலிருந்து மாலையில் காற்று வரும் என்று எல்லோரும் காத்திருப்போம். சில நாள் வரவும் செய்யும். ஆனால் ஈரத்தையும் கூடவே தூக்கிக்கொண்டு வரும். வெயிலைத் தாங்கியவர்கள்கூட அந்தப் புழுக்கத்தில் சோர்ந்துபோவார்கள்.

மேஸ்திரியின் வீடுகள் அழகானவை என்று நான் சொல்ல மாட்டேன். யாரிடமோ கோபித்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பது போலத்தான் இருக்கும். முகப்பில் வேலைப்பாடு கிடையாது. சன்ஷேடு மட்டும் தேவைக்கு மேலாகவே, மூன்றடிக்கு நீண்டிருக்கும். ஆனால் அக்னி நட்சத்திரத்தில் மதியம் உள்ளே நுழைந்து சிவப்புத் தரையில் காலை வைத்தால், அதற்குமேல் அவரைக் குறை சொல்லத் தோன்றாது. எங்கள் தெருவில் மட்டும் அவர் கட்டியது நான்கு வீடுகள். நான்காவதில் அவரே குடியிருந்தார்.

சிங்கவரத்தில் பிறந்தவர். அப்பா பிறர் நிலத்தில் மணிலாக் கடலை பிடுங்கக் கூலிக்குப் போனவர். எட்டாவதோடு படிப்பை விட்டுக் கலவை சுமக்க வந்த தங்கராஜ், கரண்டி பிடித்து, பிறகு நூல் பிடித்து, பிறகு மற்றவர்கள் பிடிப்பதை மேற்பார்க்கும் மேஸ்திரியானார். அவருக்கு ஒரு விதி உண்டு. தான் வைத்த செங்கல்லைத் தானே பிடுங்குவதில்லை. வைப்பதற்கு முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிப்பார். வைத்தபின் யோசிப்பது அவருக்குப் பிடிக்காது.

அவர் மனைவி மீனம்பாள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவர். அடுப்படியில் அவ்வளவு காலம் நின்றவருக்கு வெயில் ஒரு பொருட்டா என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஓய்வு பெற்ற மறு வருஷம், மே மாதத்தில், சிங்கவரத்தில் ஒரு மஞ்சள் நீராட்டுக்குப் போகப் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தார். நின்றபடியே சரிந்துவிட்டார். பக்கத்தில் தன் லோடு வண்டியோடு சவாரிக்குக் காத்திருந்த உமர் பாரூக்தான் தூக்கி, தண்ணீர் தெளித்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர். முப்பது வருஷமாக மேஸ்திரிக்கு மணலும் செங்கலும் ஓட்டிய மனிதர். அன்று ஓட்டிய வேகத்தில் அதற்கு முன்னும் பின்னும் அவர் ஓட்டியதில்லை.

பிழைத்துக்கொண்டார் மீனம்பாள். ஆனால் டாக்டர் ஒன்று சொல்லி அனுப்பினார். வியர்வை உடம்பில் காய வேண்டும், அப்போதுதான் உடம்பு குளிரும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் அது காய்வதில்லை. இன்னொரு முறை இப்படி விழுந்தால் எழுவது சந்தேகம். அடுத்த கோடையை மேஸ்திரி வீட்டின் உள்ளறையிலேயே அவரைப் பூட்டி வைத்ததுபோலக் கழித்தார்கள். மீனம்பாள் அடைந்து கிடக்கிற பெண் அல்ல. கோடை முடிந்தபோது உடம்பு இருந்தது, முகத்தில் மட்டும் ஒன்றுமில்லை.

ஒரே மகள் கலைமதிக்கு ஓசூரைத் தாண்டி மலைமேல், தளிப் பக்கத்தில், நர்ஸ் வேலை. அவள்தான் சொன்னாள்.

"இங்க வந்துடுங்க நைனா. சித்திரையில கூட நாங்க ஃபேன் போடறதில்ல. வேர்த்தா ஒடனே காஞ்சிடுது. அம்மாவுக்கு இதான் மருந்து."

"ஃபேன் இல்லாம இருக்கறதுக்கு அவ்ளோ தூரம் வரணுமா? என் வீட்ல அந்தக் குளிர்ச்சி இல்லியா?"

"உன் வீட்டுக்குள்ள இருக்குது நைனா. அம்மா வெளியவும் போவணும் இல்ல?"

அடுத்த கோடையில் மேஸ்திரி போய்ப் பார்த்தார். ஏப்ரல் மாதத்து மதியத்தில் தெருவில் பெண்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது. கலைமதி இருந்த ஊரிலேயே ஒரு சின்ன மனை வாங்கி, அந்தக் கோடையிலேயே அஸ்திவாரம் போட்டார்கள். செஞ்சி வீட்டின் கீழ்ப்பகுதியைத் துணி தைக்கும் ஜெயசுதாவுக்கு வாடகைக்கு விட்டு, மாடியில் ஒரே ஒரு அறையை மட்டும் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள்.

மலைமேல் கட்டுகிற வீட்டுக்கு அங்கேயே ஒருவர் துணை வேண்டுமே என்று முனியப்பா என்ற கொத்தனாரைச் சேர்த்துக்கொண்டார். அவர் வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், மேஸ்திரியோடு தமிழ். மனைக்குத் தெற்கே அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டி நின்றது. கிழக்கே ஒரு மாடி வீடு மறைத்தது. வடக்கே தெரு. மேற்கே மட்டும் கண்ணுக்கெட்டிய வரை கேழ்வரகுக் கொல்லை. அந்தப் பக்கம் சுவர் இடுப்பளவு எழுந்தபோது முனியப்பா கேட்டார்.

"அண்ணா, இந்தப் பக்கம் ஜன்னலு மறந்துட்டீங்களா?"

"மறக்கல. மேக்கு."

"அதாங்கண்ணா கேக்கறேன். தெக்கயும் கெழக்கயும் அடப்பு. வடக்க வெயிலே விழாது. அப்புறம் வெயிலு எங்கேருந்து உள்ள வரும்?"

"எதுக்கு வரணும்?"

முனியப்பாவிடம் யாரும் அதுவரை இப்படிக் கேட்டதில்லை. வெயில் வீட்டுக்குள் எதற்கு வரவேண்டும் என்பதை வார்த்தையில் சொல்லிப் பழக்கமும் இல்லை. அடுத்த கல்லை எடுத்துக் கொடுத்தார்.

மேஸ்திரியை முட்டாள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் அந்த ஊரைப் பார்த்தது கோடையில். செஞ்சியிலிருந்து போன உடம்புக்கு அந்தக் கோடை இதமாக இருந்தது. இந்த இதத்தை இன்னும் கொஞ்சம் உள்ளே பிடித்து வைத்தால் மீனம்பாளுக்கு நல்லதுதானே என்று கணக்குப் போட்டார். ஒரு மனிதன் நாற்பது வருஷம் ஒன்றை எதிர்த்து நின்றால், அது இல்லாத இடத்திலும் அதை எதிர்த்தேதான் நிற்பான். கை எண்ணத்தைக் கேட்டுக்கொண்டு வேலை செய்வதில்லை. கூரைமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கனமாகப் போட்டுத் தட்டை ஓடுகளைப் பதித்தார். கிழக்கு ஜன்னலுக்கு மூன்றடி சன்ஷேடு. கீழே சிவப்புத் தரை. செஞ்சியில் ஒரு வீட்டுக்கு எப்படிச் செய்வாரோ, அதைவிட ஒரு படி கூடுதலாகவே செய்தார். மனைவிக்கல்லவா?

கார்த்திகையில் பால் காய்ச்சினார்கள். வெளியே பனி. பால் பொங்க நேரமாயிற்று. சாமான் ஏற்றிக்கொண்டு வந்த உமர் பாரூக் கூடத்தில் கால் வைத்தவர், உடனே வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார்.

"அக்கா, மேஸ்திரி வீடு கட்டல. ஃப்ரிட்ஜு கட்டியிருக்காரு. கதவு மட்டும் தேக்குல போட்டுட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரியும் பெருமையாகச் சிரித்தார். குளிர்ச்சியான வீடு என்றால் அவருக்கு அது பாராட்டு.

மார்கழி வந்தது. பகலிலும் கூடத்தில் விளக்குப் போட வேண்டியிருந்தது. தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தாலும் சொட்டவில்லை. துவைத்த துணி மூன்றாம் நாளும் ஈரமாக இருந்து ஒருவித வாசனை வீசியது. கலைமதி அம்மாவுக்கு இரண்டு ஜோடிக் காலுறை வாங்கி வந்தாள். அதைப் போட்டுக்கொண்டும் தரை குத்துகிறது என்றார் மீனம்பாள். வெளியே போனால் நல்ல வெயில். மஞ்சளாக, உறைக்காத, உடம்புக்கு வேண்டிய வெயில். உள்ளே வந்தால் கிணற்றில் இறங்கியது போல.

தெருமுனையில் குடிநீர்த் தொட்டி இருந்தது. அதைச் சுற்றி ஒரு சிமெண்டு மேடை. காலை வேலை முடிந்ததும் மீனம்பாள் அங்கே போய் வெயிலில் உட்கார்ந்துவிடுவார். சமைக்க வருவார், சாப்பிடுவார், மறுபடி போய்விடுவார். அங்கே வருகிற பெண்களோடு பழக்கமாயிற்று, பத்து இருபது தெலுங்கு வார்த்தை வந்தது, எல்லாம் நல்லதுதான். ஆனால் ஊர் வேறு விதமாகப் பார்த்தது. ஒருநாள் கலைமதி வேலை முடிந்து வந்து, பையைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"நைனா, நீ அம்மாவை அடிக்கிறியான்னு ஒரு பேஷன்ட் என்னாண்ட கேக்குது."

மேஸ்திரிக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம்.

"இன்னாது?"

"புது வீடு கட்டி வெச்சிக்கிட்டு அந்தம்மா எப்பப் பாத்தாலும் தெருவுலயே குந்தியிருக்குது, புருஷன் உள்ள வுட மாட்றான் போலன்னு ஊரே பேசுதாம்."

மீனம்பாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடிச்சிருந்தாலாவது ஒடம்பு சூடாயிருக்கும்."

"மீனா!"

"பின்ன இன்னாய்யா? உன் வீட்ல என்னால இருக்க முடியல. சொன்னா கோச்சிக்கற. இந்தச் சுவத்துல ஒரு ஜன்னல் போடு. வெயிலு கொஞ்சம் உள்ள வரட்டும். அவ்ளோதான் கேக்கறேன்."

"பால் காச்சி ரெண்டு மாசம் ஆவல. அதுக்குள்ள சுத்தியை எடுக்கச் சொல்ற. ஒன்றரைக்கல் சுவரு. மேல தளத்தோட பாரம் பூரா அதுமேலதான் குந்தியிருக்குது."

"என் பாரம் தொட்டி மேடை மேல குந்தியிருக்குதே, அது பரவால்லியா?"

"நான் வெச்ச கல்ல நானே புடுங்க மாட்டேன்."

"சரி, நீ கல்லைக் கட்டிக்கிட்டு இரு. நான் ஊருக்குப் போறேன்."

பொங்கலுக்கு முன்னால் உமர் பாரூக் வண்டி அந்தப் பக்கம் வந்தபோது, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து செஞ்சிக்கு வந்துவிட்டார். மேஸ்திரி தடுக்கவில்லை. போர்வையை மட்டும் எடுத்து வந்து ஜன்னல் வழியாக மடியில் போட்டார். அது தேவைப்படாத ஊருக்குத்தான் போகிறார் என்பது வண்டி போன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

தை, மாசி இரண்டு மாதமும் மீனம்பாள் எங்கள் தெருவில் சந்தோஷமாகத்தான் இருந்தார். மாடியறையிலிருந்து இறங்கி வந்து ஜெயசுதாவின் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, மலைமேல் கதைகளைச் சொல்லிச் சிரிக்க வைப்பார். மேஸ்திரி தினமும் சாயங்காலம் போன் பண்ணுவார். பேச்சு பெரிதாக இருக்காது.

"சாப்டியா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு. அங்க வெயில் எப்டி?"

"இருக்குது. சுவரு எப்டி?"

"இருக்குது."

இதைக் கேட்டுக்கொண்டே பொத்தான் தைக்கும் ஜெயசுதா, "இன்னாக்கா, ரெண்டு பேரும் வானிலை அறிக்கை வாசிக்கிறீங்களா?" என்பாள். மீனம்பாள் சிரிப்பார்.

பங்குனி பிறந்ததும் மாடியறை மாறத் தொடங்கியது. எவ்வளவு கெட்டிக்காரர் கட்டினாலும் மாடி மாடிதான். மீனம்பாள் ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வளைய வந்தார். கேட்டால், "நல்லாதான் இருக்குது" என்றார். ஒருநாள் மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஜெயசுதா மேலே ஓடிப்போய்ப் பார்த்து, கீழே அழைத்துவந்து படுக்க வைத்து, மோர் கொடுத்துவிட்டு, கலைமதிக்கு போன் செய்தாள். சித்திரை இன்னும் பிறக்கவில்லை.

"நீங்க திரும்பிப் போயிடுங்கக்கா" என்றாள் ஜெயசுதா.

"அந்தச் சுவரு அப்டியே இருக்குதா இல்லியான்னு பாய் பாத்துட்டு வரட்டும். அப்புறம் சொல்றேன்."

இது வீம்பு என்றுதான் தெருவில் பேசிக்கொண்டோம். இப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. உயிர் பிழைப்பதற்காக ஒருவர் ஓர் ஊருக்குப் போகலாம். ஆனால் போன இடத்தில் வாழவும் இடம் வேண்டும். கிணற்றில் உட்காருவதற்கும் பாறைமேல் உட்காருவதற்கும் நடுவே ஒன்றைத்தான் அவர் கேட்டார்.

உமர் பாரூக் ஓசூருக்கு லோடு இறக்கப் போனபோது தளிப் பக்கம் வண்டியைத் திருப்பினார். காலை ஒன்பது மணி இருக்கும். மேஸ்திரி வீடு பூட்டியிருந்தது. தெருமுனைக்கு வந்து பார்த்தால், தண்ணீர்த் தொட்டி மேடையில், குடத்தோடு நின்ற மூன்று பெண்களுக்குப் பக்கத்தில், குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு, முகத்தை வெயிலுக்குக் காட்டியபடி கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார் தங்கராஜ் மேஸ்திரி.

உமர் பாரூக் ஹாரனை அடித்தார்.

"இன்னா மேஸ்திரி! உள்ள ஏசி ஜாஸ்தியா?"

மேஸ்திரி திடுக்கிட்டு எழுந்து முதலில் குல்லாயைக் கழற்றினார்.

"சும்மா வந்தேன் பாய். தண்ணி வருதான்னு பாக்க."

"கொடத்தைக் காணோம்?"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தி, "தினமும் வர்றாருண்ணா. ஏழு மணிக்கே எடம் புடிச்சிடறாரு" என்றாள்.

"வா, உள்ள போலாம். டீ போடறேன்" என்றார் மேஸ்திரி அவசரமாக.

"உள்ளயா? நான் ஸ்வெட்டர் எடுத்தாரலியே. இங்கயே குந்தலாம்." பாய் மேடையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகும்வரை காத்திருந்தார். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார். "அக்கா முந்தாநேத்து மொட்ட மாடியில தள்ளாடிப்புட்டாங்க."

"கலை சொல்லிச்சு."

"சொல்லியுமா இங்க குந்தியிருக்கற?"

"கூப்ட்டேன். வரமாட்டேங்கறா."

"எங்க வரச் சொல்ற? இந்த மேடைக்கா?" பாய் திரும்பி அவரைப் பார்த்தார். "வீட்டுக்காரி போயிட்டாங்க. கட்டினவன் நீ வெளிய இருக்கற. அப்ப உள்ள யாருதான் இருக்கறது? சுவரா?"

மேஸ்திரி வெகுநேரம் கேழ்வரகுக் கொல்லைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார் என்று உமர் பாரூக் பின்னால் சொன்னார். அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்ற கொல்லை. அதன் கோடியில் அவர் வீட்டு மேற்குச் சுவர், வெள்ளையடித்த முழுச் சுவர், பார்வைக்கு ஒரு சினிமாத் திரை போல இருந்ததாம்.

பிறகு மேஸ்திரி குல்லாயை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"முனியப்பா வீட்டு வழியாத்தானே போற? என்னை எறக்கி வுடு."

ஒன்றரைக்கல் சுவரில் ஜன்னல் திறப்பது சுத்தியலால் அடித்து ஓட்டை போடுகிற காரியமில்லை. ஜன்னல் வர வேண்டிய இடத்துக்கு மேலே, உள்பக்கமாகச் சுவரின் பாதிக் கனத்துக்கு மட்டும் நீளமாக ஒரு பள்ளம் வெட்டினார்கள். அதில் கம்பி போட்ட சிமெண்டு உத்தரத்தைச் செருகி, இடுக்கெல்லாம் கலவையை அடைத்து இறுக விட்டார்கள். அது பாரத்தை ஏற்றுக்கொண்ட பிறகுதான் வெளிப்பக்கம் அதே போல இன்னொன்று. தளம் ஒரு மயிரிழைகூட அசையவில்லை. அதன் பிறகு உத்தரத்துக்குக் கீழே செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். முதல் கல்லை யார் எடுப்பது என்று வந்தபோது முனியப்பா உளியை நீட்டினார். மேஸ்திரி வாங்கிக்கொண்டார்.

"அண்ணா, நான் அப்பவே..." என்று ஒரு தடவை முனியப்பா தொடங்கினார்.

"சொன்ன. அந்தச் சட்டியை இப்டி தள்ளு."

"நான் ஒண்ணும் சொல்லலீங்கண்ணா."

கடைசிக் கல் வந்த அன்று மாலை ஐந்து மணி. மேற்கு வெயில் மொத்தமாக உள்ளே விழுந்து, சிவப்புத் தரையைக் கடந்து, எதிர்ச் சுவரில் ஏறியது. முனியப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு திருப்தியாகப் பார்த்தார். மேஸ்திரி மட்டும் எதிர்ச் சுவருக்குப் பக்கத்தில் போய், கண்ணைச் சுருக்கி, கன்னத்தைச் சுவரோடு வைத்துப் பார்த்தார்.

பூச்சு அலையலையாக இருந்தது. சாய்வாக விழுந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு மேடும் பள்ளமும் நிழலோடு தெரிந்தது. மட்டப்பலகை ஓடிய தடம்கூடத் தெரிந்தது. செஞ்சியில் அவர் பூசிய எந்தச் சுவரிலும் இப்படிச் சாய்ந்த வெயில் விழுந்ததில்லை. விழ அவர் விட்டதில்லை. அதனால் தன் பூச்சு கண்ணாடி மாதிரி இருக்கும் என்று அத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார், வீட்டுக்காரர்களும் நம்பினார்கள்.

"எல்லாச் சுவரும் இப்டித்தாங்கண்ணா" என்றார் முனியப்பா. "எங்க ஊர்ல வெயில்ல தெரியும். நாங்க பாத்துப் பழகிட்டோம்."

அன்று மாலை வழக்கமான போன் வந்தது. ஜெயசுதாவின் மிஷின் சத்தத்தில் சரியாகக் கேட்காமல் மீனம்பாள் ஸ்பீக்கரில் போட்டார்.

"சாப்டியா?"

"ஆச்சு. சுவரு எப்டி?"

"வெயிலு உள்ள வந்துச்சு."

மிஷின் நின்றது.

"எவ்ளோ தூரம்?"

"எதிர்ச் சுவரு வரைக்கும்."

மீனம்பாள் தோளில் கிடந்த ஈரத்துண்டை எடுத்து மடித்து வைத்தார். பிறகு, "பாய் எப்ப அந்தப் பக்கம் வராருன்னு கேட்டு வை" என்றார்.

சித்திரை பிறந்த வாரம் அவர் போய்விட்டார். நான் மே மாதம் நடுவில், உமர் பாரூக்கோடு அதே வண்டியில் அங்கே போயிருந்தேன். புறப்பட்ட அன்று செஞ்சியில் பதினொரு மணிக்கே கடைகள் பாதிக் கதவு சாத்தியிருந்தன. சட்டை முதுகில் ஒட்டியது. மலையேறும்போது எப்போது உலர்ந்தது என்று கவனிக்கவில்லை.

புதிய ஜன்னலைப் பார்த்தேன். அளவுக்குக் கொஞ்சம் பெரியது. கூடத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. தைத்து முடித்த சட்டையில் பிறகு வைத்த பை போலத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் கட்டில் போட்டு மீனம்பாள் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். அந்தக் கோடை முழுக்க அவருக்குத் தலைசுற்றல் வரவில்லை. காலையில் சந்தைக்கு நடந்து போய் வருகிறார், வெயிலோடு. நாலு மணிக்கு வெளிச்சம் கண்ணில் குத்தினால் பழைய புடவை ஒன்றை ஜன்னலில் கட்டுவார், ஐந்தரைக்கு அவிழ்த்துவிடுவார். தொட்டி மேடைப் பெண்கள் இப்போது இந்தக் கட்டிலுக்கு வருகிறார்கள்.

"ஊருக்கு எப்பக்கா?" என்று கேட்டார் உமர் பாரூக்.

"எந்த ஊருக்கு?" என்றார் மீனம்பாள். "ஜெயசுதா மாடியறையும் சேத்துக் கேக்குது. குடுத்துடுன்னு சொல்லிட்டேன். மிஷின் போட எடம் பத்தலியாம்."

மேஸ்திரி இதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அவர் கூடத்தின் மூலையில் சட்டியில் கலவை குழைத்துக்கொண்டிருந்தார். மாலை வெயில் எதிர்ச் சுவரில் ஏறத் தொடங்கியிருந்தது. அலைகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. கரண்டியை எடுத்துக்கொண்டு சுவரை நோக்கிப் போனார்.

"இந்தா, இன்னா பண்ணப் போற?" என்றார் மீனம்பாள்.

"மேல ஒரு கோட்டு பூசிடறேன். அசிங்கமா இருக்குது. வரவங்க எல்லாம் பாக்கறாங்க."

"வரவங்க என்னைப் பாக்க வராங்க. இப்பதான் வீடு காஞ்சிருக்குது. திரும்ப ஈரம் பண்ணி வைக்காத."

"அலையலையா தெரியுது மீனா."

மீனம்பாள் உரித்த காயை ஒதுக்கி வைத்துவிட்டு, தலையைச் சாய்த்து, அந்தச் சுவரை நன்றாகவே பார்த்தார்.

"தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போவட்டும். ஏரி மாதிரிதான் இருக்குது. கரண்டியைக் கீழ வெய்யி."

மேஸ்திரி கொஞ்ச நேரம் கரண்டியோடு நின்றார். பிறகு கலவைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். கேழ்வரகுக் கொல்லை ஓரத்தில் அவர் கரண்டி கழுவுகிற சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது.